இடக்கை எழுத்து: முதலில் திருத்த வேண்டியது தாளின் சாய்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்தைத் திருத்திக்கொள்ள விரும்பும் பெரியவர்களுக்காகத் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'தாளை இடப்பக்கம் சாய்த்து வையுங்கள்' என்பது ஒன்று. 'பேனாவை முனையிலிருந்து ஓர் அங்குலத்தில் பிடியுங்கள்' என்பது இன்னொன்று. வலது கையால் எழுதுகிறவர்களுக்கு இரண்டும் சரி. இடதுகைப் பழக்கம் உள்ளவர் அப்படியே கடைப்பிடித்தால் இருக்கிற எழுத்தும் கெட்டுப்போகும். பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர் என்பது பொதுவான கணக்கு. குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளுக்காகப் பக்கம் பக்கமாக விடை எழுதிப் பழகும் இளைஞர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பேர். அவர்களில் இடக்கைக்காரர்களுக்காவது சரியான குறிப்பு போய்ச் சேரட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகப் போகிற எழுத்துகள். வலது கை பேனாவைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. எழுதிய எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, மை காய நேரமும் கிடைக்கிறது. இடது கை பேனாவைத் தள்ளிக்கொண்டு போகிறது. எழுதி முடித்த எழுத்தின் மேலேயே கையும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எழுதியது மறைகிறது, மை இழுபடுகிறது, சுண்டுவிரலின் ஓரம் நீலமாகிறது. மறைப்பைத் தவிர்க்கத்தான் சின்ன வயதிலேயே பலர் மணிக்கட்டை வளைத்து, வரிக்கு மேலிருந்து கொக்கி போல எழுதப் பழகிவிடுகிறார்கள். 'உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது' என்று திட்டு வாங்கியதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கொக்கியால்தான். விரலில் குறை எதுவும் இல்லை. ஆகவே எழுத்தைத் திருத்த உட்காரும்போது, முதல் வாரம் எழுத்தின் வடிவத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

முதலில் தாள். உடம்பின் நடுக்கோட்டுக்கு நேரே வைக்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். பிறகு கடிகார முள் சுற்றும் திசையில் தாளைத் திருப்புங்கள். மேல் விளிம்பின் இடது மூலை உயரும், வலது மூலை இறங்கும். கீழ் விளிம்பின் வலது மூலை உங்கள் வயிற்றுக்கு நேராக வந்து நிற்கும். எவ்வளவு திருப்புவது? 30 பாகையில் தொடங்கலாம். பாகைமானி தேட வேண்டியதில்லை: ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; மேசை விளிம்பிலிருந்து ஸ்கேலால் அளந்தால் தாளின் மேல் மூலைகள் இரண்டுக்கும் 10.5 செ.மீ. வித்தியாசம் வர வேண்டும், அவ்வளவுதான். 7 செ.மீ. என்றால் சுமார் 20 பாகை, 15 செ.மீ. என்றால் 45 பாகை. சிலருக்கு 45 வரை போனால்தான் வசதி. கை எங்கே இளகுகிறதோ அங்கே நிறுத்தி, தாளின் இரண்டு மூலைகளை ஒட்டி மேசையில் இன்சுலேஷன் டேப் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் பழைய பழக்கம் தாளை நேராக்கிவிடும். அது நடப்பது நமக்கே தெரியாது.

இப்படித் திருப்பினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இடது முன்கை கீழ் இடப்பக்கத்திலிருந்து மேல் வலப்பக்கம் நோக்கி வருகிறது. திருப்பிய தாளில் வரி மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் இறங்குகிறது. முன்கையும் வரியும் ஏறக்குறைய செங்குத்தாகச் சந்திக்கின்றன. மணிக்கட்டு வளையாமலேயே கை வரிக்குக் கீழே வந்துவிடுகிறது. எழுதியது தெரிகிறது, மையும் கையில் படுவதில்லை. தாளை இடப்பக்கம் சாய்த்தாலோ முன்கையும் வரியும் கிட்டத்தட்ட ஒரே திசையில் படுத்துவிடும். கை நேராக எழுத்தின் மேல் ஊர்ந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. தங்கள் குறிப்பு இடக்கைக்காரர்களுக்கு ஆகாது என்று சொல்வது இதனால்தான்.

மணிக்கட்டைச் சரிபார்க்க ஒரு வழி. பேனாவோடு கையை எழுதும் நிலையில் வைத்து, 30 செ.மீ. ஸ்கேலை நடுவிரல் முட்டியிலிருந்து முழங்கையை நோக்கி மேலாகப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு அந்தக் கோட்டிலேயே இருந்தால் நல்லது. கோட்டை விட்டு விலகி வளைந்திருந்தால் தாள் இன்னும் போதிய அளவு திரும்பவில்லை, அல்லது உடம்புக்கு நேராக வந்துவிட்டது என்று பொருள். கையின் சுண்டுவிரல் பக்கம், எழுதும் வரிக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே பதிந்திருக்க வேண்டும்.

பிடியில் வலக்கைக்காரரைவிடப் பின்தள்ளிப் பிடிக்க வேண்டும்: முனையிலிருந்து 3 முதல் 4 செ.மீ. ஓர் அங்குலத்தில் பிடித்தால் விரல்களே முனையை மறைக்கும். மறைந்ததைப் பார்க்கத் தலை சாயும், தோள் உயரும், கடைசியில் மணிக்கட்டு வளைந்து கொக்கி திரும்பி வரும். மூன்றரை செ.மீ. அளந்து அங்கே ஒரு ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றுங்கள். விரல் அதற்குக் கீழே இறங்கினால் உடனே தெரிந்துவிடும். பேனாவின் வால் இடது தோளை நோக்கியிருக்க வேண்டும். நேர் மேலே பார்த்தாலோ வலப்பக்கம் சாய்ந்தாலோ பிடி தவறு.

அழுத்தம் இன்னொரு தொல்லை. தள்ளி எழுதுகிற கை, பேனா நின்றுவிடக் கூடாது என்று இறுக்குகிறது. ஒரு பக்கம் எழுதித் தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவுங்கள். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். பால்பாயின்ட் பேனா மை விட்டுவிட்டு எழுதினால் பேனாவைத் திட்டுவதற்கு முன் அது எவ்வளவு படுத்திருக்கிறது என்று பாருங்கள். மிகவும் சாய்ந்தால் முனையின் பந்தைப் பிடித்திருக்கும் உலோக விளிம்பு தாளில் உரசும், பந்து ஒழுங்காக உருளாது. கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தாலே பாதிச் சிக்கல் தீரும். இதைச் செய்யாமல் விலை கூடிய பேனா வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

பேனா என்று வந்த பிறகு மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் கடலோரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் நிற்கும்போது தாளே நமுத்துப்போகிறது. ஜெல் மை காய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. மட்டத் தாளில் ஓரம் கசிகிறது. சித்திரை, வைகாசியிலோ உள்ளங்கை வியர்வையே காய்ந்த எழுத்தைக் கலைக்கும். ஆகவே வேறு ஊரில் ஒருவருக்குச் சரிப்பட்ட பேனா இங்கே சரிப்படும் என்று சொல்ல முடியாது. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ கடையில் நின்று வாங்கும்போது, நீங்கள் எழுதப்போகிற நோட்டின் தாளையே கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் நீட்டும் துண்டுச் சீட்டில் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். உங்கள் தாளில் ஒரு சொல் எழுதி, ஒன்று இரண்டு என்று எண்ணி விரலால் இழுங்கள். அடுத்த சொல்லுக்கு மூன்று எண்ணிய பிறகு, அதற்கடுத்ததற்கு ஆறு எண்ணிய பிறகு. கையை எழுத்தின் பக்கவாட்டில் வைத்து எழுதுகிறவருக்கு இரண்டு மூன்று நொடிக்குள் கை எழுத்தின் மேல் வந்துவிடும். எனவே அதற்குள் காயாத பேனா வேண்டாம். கை வரிக்குக் கீழே இறங்கிவிட்டவருக்கு இந்தக் கெடுபிடி இல்லை.

எண்ணெய் மை கொண்ட சாதாரண பால்பாயின்ட் உடனே காயும். ஆனால் சுழி திரும்பும் இடத்தில் மைக்கட்டி விடும், அடிக்கடி முனையைத் துடைக்க வேண்டும். ஜெல் வேண்டுமானால் 0.5 மி.மீ. முனை, 1.0 பக்கமே போகாதீர்கள். மைப் பேனா இடக்கைக்கு ஆகாது என்பது பொய். கூரான, வளையும் நிப் தள்ளும்போது தாளைக் குத்தும் என்பது உண்மைதான். முனை உருண்டையான மீடியம் நிப் குத்தாது. பளபளப்பான வழவழத் தாளில் மைப் பேனாவைத் தொடாதீர்கள், மை மேலேயே நிற்கும். புதுச்சேரி ஆசிரமக் கைவினைத் தாள் மையைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அதன் நார் நிப்பில் மாட்டும், எழுத்து ஓரத்தில் பிசிறும். வாழ்த்து எழுத அழகு, பயிற்சிக்கு ஆகாது. இடக்கைக்காரர்களுக்கென்று வளைந்த கழுத்தோடு வரும் தனிப் பேனாக்கள் பெரியவர்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. தாள் திரும்பினால் எந்தப் பேனாவும் போதும்.

நோட்டிலும் வலக்கைச் சார்பு உண்டு. சுருள் கம்பி நோட்டில் வலப்பக்கத் தாளில் எழுதும்போது இடது கை கம்பியின் மேல் ஏறி இறங்கும். பருத்த தையல் நோட்டிலும் நடுமேடு இடிக்கும். மேலே கட்டிய சுருக்கெழுத்து நோட்டு நல்லது, அல்லது தனித்தாள்களைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு எழுதுங்கள். விளக்கு வலப்பக்கமிருந்து வரட்டும், இடப்பக்கம் டியூப்லைட் இருந்தால் கையின் நிழல் முனையில் விழும்.

பயிற்சிக்குக் கோடு போட்ட நோட்டு கட்டாயம். புதுச்சேரியில் பிரெஞ்சுவழிப் பிள்ளைகள் எழுதும் சேயெஸ் கோட்டுத் தாள் கிடைத்தால் விடாதீர்கள். 8 மி.மீ. இடைவெளியில் தடித்த கோடு, நடுவே 2 மி.மீ.க்கு ஒன்றாக மெல்லிய கோடுகள். தமிழுக்கு இதைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம்: எழுத்தின் உடலுக்கு 4 மி.மீ., மேலே புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் ('கி'யின் மேல்வளைவு) 2, கீழே 'ழ', 'ரு', 'கு' போன்றவற்றின் இறக்கத்துக்கு 2. அது இல்லாவிட்டால் தமிழ் எழுதுகிற இரட்டைக்கோடு நோட்டே போதும்.

இனி எழுத்துக்கு வரலாம். 'ட', 'ப', 'ம', 'ய' ஆகியவற்றில் தொடங்குங்கள். இவற்றின் அடிக்கோடு இடமிருந்து வலம் போகிற கோடு. இடது கைக்கு இதுதான் முழுத் தள்ளல். இது நேராக வந்தால் மற்றது வரும். வரியின் கடைசிப் பகுதி கீழே சரிகிறது என்பது பலரின் புகார். முழங்கையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு கையை வலப்பக்கம் சுழற்றினால் அது வில்லாகத்தான் இறங்கும். ஒரு வரியில் இரண்டு மூன்று முறை வலது கையால் தாளை இடப்பக்கம் நகர்த்துங்கள். இடது கை ஏறக்குறைய ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும், நகர வேண்டியது தாள். வலது கைக்கு இருக்கிற ஒரே வேலை இதுதான். அதைச் சும்மா மடியில் போட்டு வைக்காதீர்கள்.

அடுத்தது சுழிகள். தள்ளி எழுதும்போது சுழி அடைபடுவது இடக்கை எழுத்தின் பெரிய குறை. மூன்று சுழி 'ண'வில் ஒரு சுழி அடைத்துக்கொண்டால் அது இரண்டு சுழி 'ன'வாகிவிடும். 'மணம்' 'மனம்' ஆகும். விடைத்தாள் திருத்துகிறவர் அதை எழுத்துப் பிழையாகத்தான் எடுத்துக்கொள்வார். சுழிக்குள் வெள்ளை தெரிகிற அளவுக்கு முதலில் பெரிதாக, 8 மி.மீ. உயரத்தில் எழுதிப் பழகி, வாரம் ஒருமுறை உயரத்தைக் குறையுங்கள். கொம்பிலும் இதே கதைதான். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசம் மேலே வருகிற ஒரு சிறு சுழி. கொக்கிக் கையில் அந்த இடம் விரலுக்குள் மறைந்துபோவதால் 'கெ'யும் 'கே'யும் ஒன்றாகிவிடும். துணைக்காலும் 'ர'வும் குழம்புவது சாய்வு மாறுவதால். ஒரு கால் நேராக, ஒரு கால் சாய்வாக எழுதினால் 'ர'வின் அடியில் வரும் சாய்கோடு தனியாகத் தெரியாது.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. தாளை வலப்பக்கம் திருப்பினால் எழுத்து நிமிர்ந்தோ சற்று இடப்பக்கம் சாய்ந்தோ வரும். அதைக் குறையென்று நினைத்து வலப்பக்கம் சாய்க்கப் போராட வேண்டாம். எல்லா எழுத்தும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்பதே கேள்வி. எழுதி முடித்த பக்கத்தில் துணைக்கால்களின் மேல் மட்டும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் நீட்டிக் கோடு போடுங்கள். கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கண்ணுக்கு ஒழுங்காகவே படும். ஒன்றையொன்று வெட்டினால் எந்த இடத்திலிருந்து மாறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வரியின் கடைசி மூன்றிலொரு பங்கில், தாளை நகர்த்த மறந்த இடத்தில்தான் இருக்கும்.

புள்ளியை எழுத்துக்கு எழுத்து உடனே வையுங்கள். சொல்லை முடித்துவிட்டுத் திரும்பி வந்து வைத்தால் இடது கையில் அது வலப்பக்கம் தள்ளி அடுத்த எழுத்தின் தலையில் விழுகிறது. 'பக்கம்' என்ற சொல்லில் எந்தக் 'க'வுக்குப் புள்ளி என்று தெரியாமல் போகும். இழுத்து வைக்காமல் தொட்டு எடுங்கள், இல்லாவிட்டால் புள்ளி கோடாகிவிடும்.

ஆங்கிலத்தில் 't', 'f', 'H' ஆகியவற்றின் குறுக்குக் கோட்டை வலமிருந்து இடமாகப் போடலாம். எழுதி முடித்த பிறகு எந்தத் திசையில் போட்டார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டெழுத்தை முழுக்கச் சேர்த்து எழுத வேண்டாம். சேர்க்கும் கோடு ஒவ்வொன்றும் ஒரு தள்ளல். இரண்டு மூன்று எழுத்துக்கு ஒருமுறை கையை எடுத்தால் தெளிவு கூடும். தமிழில் எழுத்துகள் தனித்தனியாக நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நாளுக்கு 15 நிமிடம் போதும், ஆனால் விடாமல் ஆறிலிருந்து எட்டு வாரம். முதல் வாரம் செங்குத்துக் கோடும் நெளிகோடும் வட்டமும் மட்டும். வேகம் கடைசி இரண்டு வாரத்தில். கொக்கிப் பிடியை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்து நாள் எழுத்து முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும். பலர் விட்டுவிடுவது அங்கேதான். அதனால் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பிடியை மாற்றாதீர்கள். பேனாவையும் தாளையும் மட்டும் சரிசெய்துகொண்டு தேர்வை எழுதிவிடுங்கள். கொக்கியிலேயே தெளிவாக, வலியில்லாமல், மை படாமல் எழுதுகிறவர் மாற்றத் தேவையே இல்லை. சின்ன வயதில் 'பீச்சாங்கையில் எழுதாதே' என்று அடித்துச் சோத்தாங்கைக்கு மாற்றப்பட்டவர்கள், இத்தனை வருடம் எழுதிய கையிலேயே தொடர்வது நல்லது. விரல் மரத்துப்போவது, மணிக்கட்டு வலி இரவிலும் நிற்பது இருந்தால் அது பயிற்சியால் தீராது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, எழுத்து மாறும்போது கையொப்பமும் மாறப் பார்க்கும். வங்கியில் கொடுத்திருக்கிற மாதிரிக் கையொப்பம் பழையது. காசோலை திரும்பிவரும். பழையபடியே போடுங்கள், அல்லது வங்கியில் எழுதிக் கொடுத்துப் புதியதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே கவுன்டரின் வலப்பக்கம் அரை முழக் கயிற்றில் கட்டிய பேனா இடது கைக்கு எட்டாது. சொந்தப் பேனாவோடு போவது உத்தமம்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். காப்பி நோட்டு அச்சிடுகிறவர்கள் மாதிரி எழுத்தை வரியின் இடது ஓரத்தில் போடுகிறார்கள். இடது கையை வைத்ததுமே அது மறைந்துவிடுகிறது. பார்த்து எழுத வேண்டியதைப் பார்க்காமல் எழுத வேண்டியிருக்கிறது. வலது ஓரத்திலும் அதையே ஒருமுறை அச்சிட்டால் போதும், செலவு ஒன்றும் கூடாது. அதுவரை மாதிரியைத் தனித்தாளில் எழுதி வலப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, பயிற்சி மையங்களிலும் தேர்வுக் கூடங்களிலும் போடப்படும் கைப்பலகை நாற்காலி. பலகை எப்போதும் வலப்பக்கம்தான். இடக்கைக்காரர் முதுகைத் திருப்பி, முழங்கைக்கு ஊன்றுகோல் இல்லாமல் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். நாற்பது நாற்காலி வாங்கும்போது நாலு நாற்காலிக்கு இடப்பக்கப் பலகை கேட்டு வாங்கலாம், அல்லது நாலு சாதாரண மேசையைப் போட்டுவிடலாம். பயிற்சி வகுப்பில் இப்போதைக்கு ஓர் உபாயம்: இடப்பக்கம் காலியான நாற்காலி இருக்குமாறு உட்காருங்கள். அந்த நாற்காலியின் பலகை உங்கள் இடது கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தேர்வுக் கூடத்தில் அது நடக்காது. அங்கே கண்காணிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடது கையால் எழுதுகிறவர் விடைத்தாளைச் சாய்த்து வைத்திருந்தால் 'நேராக வை' என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவதற்காக அவர் அப்படி வைக்கவில்லை.

இப்படிக்கு,
எழுத்துப் பயிற்சி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர் – 1.